குளக்கட்டில் எந்த வலயம் உடையலாம்?

இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் ஆகிய வன்னியின் பெருங்குளங்கள் மண்ணாலான கட்டுகளைக் கொண்டே நீரைத் தேக்குகின்றன. இத்தகைய கட்டின் உறுதியைக் கணினியில் ஆராயும் பொறியியலாளர், குறுக்குவெட்டைப் பல வலயங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றும் மீள்தன்மையுடையதா குழைவுத்தன்மையுடையதா என்று மென்பொருளுக்கு அறிவிக்க வேண்டும்.

மீள்தன்மை வலயத்துக்கு, விறைப்பைக் காட்டும் யங்கின் மட்டு, அழுத்தும்போது பக்கவாட்டில் எவ்வளவு விரியும் என்பதைக் காட்டும் புவாசோன் விகிதம் ஆகிய இரண்டும் போதும். சுமைக்கேற்ப அது உருமாறும். சுமையை நீக்கினால் மீளும். எவ்வளவு ஏற்றினாலும் உடையாது. குழைவு வலயத்துக்கோ தாங்கும் எல்லையும் தரப்பட வேண்டும். மண்துகள்களுக்கிடையிலான பிணைவையும் உராய்வையும் கொண்டு அவ்வெல்லையைக் கணிக்கும் வழியைப் பிரான்சியப் பொறியியலாளர் கூலோம் 1773 இல் முன்வைத்தார். மென்பொருள்களில் இன்றும் பெரும்பாலும் அதிலிருந்தே தொடங்குகிறார்கள்.

பிணைவு 10 கிலோபஸ்கால், உராய்வுக் கோணம் 25 பாகை கொண்ட களிமண்ணில், ஒரு தளத்தைச் செங்குத்தாக அழுத்தும் பயன்படு தகைப்பு (நீரமுக்கத்தைக் கழித்தபின் மண்துகள்கள் தாங்கும் அழுத்தம்) 50 கிலோபஸ்கால் என்க. அத்தளம் தாங்கக்கூடிய வெட்டுத் தகைப்பு, அதாவது தளத்தின் வழியே மண்ணை வழுக்கச் செய்யும் தகைப்பு, ஏறத்தாழ 33 கிலோபஸ்கால். அங்கே 45 வந்து சேர்ந்தால், மீள்தன்மை வலயம் அந்த 45 ஐயும் மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்ளும். குழைவு வலயமோ 33 உடன் நின்று, மிகுதியை அயலிலுள்ள மண்ணுக்குத் தள்ளிவிடும். அயல்மண்ணும் எல்லையைத் தொட்டால் சுமை மேலும் நகரும். இவ்வாறு குழைந்த புள்ளிகள் கட்டின் முடியிலிருந்து அடிவரை தொடராக இணையும்போதுதான் சரிவுத் தளம் உருவாகிறது.

ஆகவே மீள்தன்மை என்று குறிப்பது, "இவ்விடம் உடையாது" என்று முன்கூட்டியே தீர்ப்பெழுதுவதற்குச் சமம். ஆழத்திலுள்ள சிதையாத பளிங்குருப் பாறைக்கும் துருசின் கொங்கிறீற்றுக்கும் அது பொருந்தும். நிரப்பிய களிமண்ணுக்கும் பாறையின் மேலுள்ள உக்கிய படைக்கும் பொருந்தாது. கட்டின் முகத்தில் தோன்றும் சிறு மேலோட்டச் சரிவுகள் கணிப்பைக் குழப்பாதிருக்க அங்கே மெல்லிய மீள்தன்மைப் படையொன்றை வைப்பதுண்டு. எனக்கு அவ்வழக்கத்தில் முழு உடன்பாடில்லை. படை சற்றுத் தடித்தாலும் சரிவுத் தளம் ஆழத்துக்குத் தள்ளப்பட்டு, பாதுகாப்புக் காரணி (சரிவதற்குத் தேவையானதைவிடக் கட்டின் வலிமை எத்தனை மடங்கு என்பது) பொய்யாக உயர்ந்துவிடும். அதிலும் குளநீர் விரைவாக இறங்கியும் மண்ணுக்குள் நீரமுக்கம் தணியாத நிலையில், உண்மையில் சரியக்கூடியது குளத்தை நோக்கிய உள்முகமே.

மீள்தன்மை வலயத்துக்கும் வலிமைப் பெறுமானங்களை உள்ளிடுவது நல்லது. அதனால் கணிப்பு மாறாது. ஆனால் வலிமைக்கும் தகைப்புக்குமான விகிதத்தைச் சில மென்பொருள்கள் வரைந்து காட்டும். அது 1 க்குக் கீழே இறங்கும் வலயத்தைக் குழைவுத்தன்மைக்கு மாற்றி, கணிப்பை மீண்டும் ஓட்ட வேண்டும்.