கம்பி வலையின் மேல் படரும் தோல்

காரைக்குடியில் எங்கள் தெருவிலுள்ள ஓர் ஆச்சியின் பேத்திக்கு, இதயத்தின் இரு மேலறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் இருந்த ஓட்டையைத் தொடைச் சிரை வழியே குழாய் செலுத்தி, கம்பி வலையாலான அடைப்பான் ஒன்றை வைத்து அடைத்து, மதுரையிலிருந்து அழைத்து வந்திருந்தார்கள். "ரத்தத்துக்குள்ளயே கெடக்குற கம்பி துருப்பிடிக்காதா தம்பி?" என்று ஆச்சி கேட்டார்.

துருப்பிடிக்காது. நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால் கம்பியின் மேல் டைட்டானியம் ஆக்சைடு மெல்லிய காப்பாகப் படிந்திருக்கிறது. குழாய்க்குள் ஒடுங்கிச் செல்லும் அந்த வலை, வெளிவந்ததும் சுவரின் இருபுறமும் இரு தட்டுகளாக விரிந்து கவ்விக்கொள்கிறது. ஆனால் ஓட்டையை உண்மையில் மூடுவது கம்பி அன்று. தட்டுகளுக்குள் தைத்திருக்கும் பாலியெஸ்டர் துணியில்கூட முதல் நாள் ரத்தம் சற்றுக் கசிவதுண்டு.

சில நிமிடங்களிலேயே ரத்தப் புரதங்களும், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களும் துணி இழைகளில் ஒட்டி, ஃபைப்ரின் என்னும் புரத இழைகளால் வலை பின்னிக் கசிவை அடைக்கின்றன. அடுத்து வரும், அந்நியப் பொருள்களை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களால் பாலியெஸ்டரைச் செரிக்க முடியாது. ஆகவே அவை ஒன்றோடொன்று இணைந்து பேருரு செல்களாகி, ஆண்டுக்கணக்கில் இழைகளைப் பற்றிக்கொண்டே கிடக்கின்றன. வாரங்கள் செல்ல, சுவரின் விளிம்பிலிருந்து நார்ச்செல்கள் நகர்ந்து வந்து, உறைவு இருந்த இடத்தில் கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தை நிரப்புகின்றன. இது தழும்புத் திசுவே. துடிக்கும் தசை அன்று.

நம் செட்டிநாட்டு வீடுகளில் முரட்டுச் சுண்ணாம்புப் பூச்சின் மேல்தான் முட்டை வெண்கரு சேர்த்த நேர்த்தியான பூச்சை ஏற்றி, கண்ணாடிபோல மின்னும்வரை தேய்ப்பார்கள். இங்கும் கொலாஜனுக்கு மேலாக, எண்டோதீலியம் என்னும் ஒற்றைச் செல் அடுக்கு விளிம்பிலிருந்து நடுவை நோக்கிப் படர்கிறது. கொத்தனாரின் பூச்சு வெறும் பளபளப்பு. இந்த அடுக்கோ நைட்ரிக் ஆக்சைடையும் புரோஸ்டாசைக்ளினையும் சுரந்து, தட்டணுக்களை ஒட்டவிடாமல் விலக்குகிறது. அது முழுமையாகும்வரை ரத்தக்கட்டும் கிருமித் தொற்றும் அபாயமே. ஆகையால்தான் சுமார் 6 மாதங்களுக்கு ஆஸ்பிரினும், அந்த மாதங்களில் பல் பிடுங்க நேர்ந்தால் முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக்கும் தருகிறார்கள்.

விலங்குகளில் ஏறத்தாழ 3 மாதங்களில் மேற்பரப்பு மூடிவிடுகிறது. மனிதரில் அவ்வளவு சீராக நடப்பதில்லை: ஆண்டுகள் கழித்து வெளியே எடுக்கப்பட்ட சில அடைப்பான்களில் மூடாத திட்டுகள் இருந்திருக்கின்றன. கசிவு ஓடிக்கொண்டிருக்கும் இடத்திலும், தட்டின் நடுவே துருத்தும் திருகு முனையிலும் செல்கள் எளிதில் படர்வதில்லை.

ஒற்றைச் செல் கனமுள்ள இந்தப் படலம் எக்கோ எனும் இதய ஒலியலைப் பரிசோதனையில் தெரியாது. பேத்தி இரண்டே வாரத்தில் முற்றத்தில் ஓடியாடத் தொடங்கிவிட்டாள். மாத்திரை அட்டை மட்டும் ஆச்சியின் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.