அப்கிரேடுக்கு முன்னால் ஒரு ரீபூட்

"இந்த ரூட்டர் நாலு வருஷமா ஒரு தடவைகூட ரீபூட் ஆனதில்லை" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அந்த நாலு வருடத்தில் எத்தனை பேர் அதில் கைவைத்திருப்பார்கள், மாற்றியதில் எதைச் சேமித்தார்கள், எது ரேமில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதெல்லாம் ரீபூட் ஆகும் இரவில்தான் தெரியவரும்.

எனக்கு அப்படி ஒரு இரவு வாய்த்தது. அப்கிரேடுக்காகப் புது இமேஜ் (ரூட்டரின் சாஃப்ட்வேர் ஃபைல்) ஏற்றி ரீலோட் கொடுத்தேன், ரூட்டர் வந்தது, ஆனால் கன்ஃபிக் (அதன் அமைப்புகள்) ஒரு வரிகூட இல்லாமல் வந்தது. புது வெர்ஷன்தான் கெடுத்துவிட்டது என்று பழைய இமேஜுக்குத் திரும்பினால் அங்கேயும் அதே கதை. கடைசியில் பார்த்தால் கன்ஃபிக் ரெஜிஸ்டர் (ரூட்டர் எப்படித் தொடங்க வேண்டும் என்று சொல்லும் எண்) 2142-இல் நிற்கிறது. எப்போதோ பாஸ்வேர்டை மீட்பதற்காக மாற்றியவர் 2102-க்குத் திருப்பி வைக்க மறந்திருக்கிறார், அதனால் சேமித்த கன்ஃபிக் பத்திரமாக உள்ளே இருந்தும் ரூட்டர் அதைப் படிக்கவே இல்லை.

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். கன்ஃபிக்கைச் சேமித்து, வெளியே ஒரு பிரதி எடுத்துவிட்டு, முதலில் பழைய வெர்ஷனிலேயே ஒரு ரீபூட். சில நிமிடம் கூடுதலாகப் போகும், இரண்டு தடவை இணைப்பு அறும் என்று முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். பவர் சப்ளையோ ஃப்ளாஷ் மெமரியோ சாகக் கிடந்தால் அப்போதே தெரிந்துவிடும், பழி புது சாஃப்ட்வேர் மேல் விழாது.

இமேஜைக் கருவிக்குள் நகலெடுத்த பிறகு அங்கேயே ஹேஷ் (ஃபைல் பழுதில்லாமல் வந்ததா என்று காட்டும் கைரேகை மாதிரி எண்) சரிபாருங்கள், லேப்டாப்பில் பார்த்தது கணக்கில் வராது. பழைய டிஎஃப்டிபி (ஃபைல் அனுப்பும் எளிய முறை) 512 பைட் துண்டுகளாக அனுப்பும், துண்டு எண் 65,535-ஐத் தாண்டாது, ஆக 32 எம்பி வாக்கில் நின்றுவிடும் சர்வர்கள் இன்னும் உண்டு. எந்த இமேஜோடு தொடங்க வேண்டும் என்று கன்ஃபிக்கில் சொல்லும் பூட் வரி எந்த ஃபைலைக் காட்டுகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும் வழிதான் திட்டத்தில் பாதி. புது வெர்ஷனில் கன்ஃபிக்கைச் சேமித்துவிட்டால் சில வரிகள் புது வடிவத்துக்கு மாறிவிடலாம், பழைய இமேஜுக்கு அவை புரியாது. அதனால் எல்லாம் சரி என்று தெரியும்வரை சேமிக்காதீர்கள். எத்தனை போர்ட் அப், எத்தனை பிஜிபி அண்டை (வழித்தகவலைப் பரிமாறிக்கொள்ளும் ரூட்டர்), எத்தனை ரூட் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால்தான் சரியா இல்லையா என்று சொல்ல முடியும், பிங் போகிறது என்பது போதாது. இரண்டு மணி நேரம் கிடைத்து, பின்வாங்க 40 நிமிடம் ஆகுமென்றால், ஒரு மணி இருபது நிமிடத்தில் முடிவெடுத்தாக வேண்டும். "இன்னும் அஞ்சு நிமிஷம் பார்ப்போம்" என்பதெல்லாம் அதற்கு முன்னால்தான்.

எந்த வெர்ஷன்? நான் ஆகப் புதியதை எடுப்பதில்லை, பாதுகாப்பு ஓட்டை பெரிதாக இருந்தாலொழிய. 2023 அக்டோபரில் சிஸ்கோவின் ஐஓஎஸ் எக்ஸ்இ சாஃப்ட்வேரின் வெப் நிர்வாகப் பக்கத்தில் தீவிரம் 10-க்கு 10 ஓட்டை வந்தபோது, திருத்தம் வருவதற்குள் செய்ய வேண்டியிருந்தது அந்தப் பக்கத்தைத் தரும் ஹெச்டிடிபி சர்வரை நிறுத்துவதுதான். அவசரம் என்றாலே அப்கிரேடு என்று அர்த்தமில்லை.

அப்புறம் பிஓஇ சுவிட்ச், அதாவது நெட்வொர்க் கேபிள் வழியாகவே கருவிகளுக்கு மின்சாரமும் தருவது. அதன் உள் ஃபர்ம்வேரும் சேர்ந்து மாறினால் வழக்கத்தைவிட ரொம்ப நேரம் பேச்சுமூச்சில்லாமல் கிடக்கும், அதை நம்பியிருக்கும் கேமரா, போன், வைஃபை எல்லாம் அதோடு சேர்ந்து அணைந்திருக்கும். தொங்கிவிட்டது என்று நினைத்துப் பவரைப் பிடுங்குவதற்கு முன்னால் கன்சோல் கேபிளை (கருவியோடு நேரடியாகப் பேச உதவுவது) மாட்டிப் பாருங்கள், பெரும்பாலும் அது அங்கே சதவீதம் எண்ணிக்கொண்டிருக்கும்.