ப்ரீமெட்: மயக்க மருந்தா, அமர்த்து மருந்தா?

“மூக்குல மயக்க மருந்து விடப் போறோம்மா” என்று நர்ஸ் சொன்னதும், குழந்தையை மடியில் வைத்திருக்கும் அம்மாவுக்குப் பகீரென்கிறது. என் மடியிலேயே மயங்கிவிடுமா? உண்மையில் அது மயக்க மருந்தே இல்லை. மாறுகண்ணுக்கோ பிறவிக் கண்புரைக்கோ ஆபரேஷன் தியேட்டருக்குள் தூக்கிப் போகும்போது, அம்மாவைப் பிரிகிற குழந்தை அலறாமல் இருக்கத் தருவது. மருத்துவமனைப் பேச்சில் ‘ப்ரீமெட்’, முழுப்பெயர் ப்ரீமெடிகேஷன்.

அந்தச் சொல்லில் சிக்கல் இல்லை. லத்தீனில் ‘ப்ரே’ என்றால் முன். முன்மருந்து என்றால் முடிந்தது. ஆனால் அது பொதுப்பெயர். ஈதர் கொடுத்த காலத்தில் எச்சில் ஊறாமலிருக்கப் போட்ட அட்ரோபின் ஊசியும் முன்மருந்துதான். இங்கே தருவது செடேட்டிவ்.

செடேட்டிவ்தான் சுவையான சொல். லத்தீனில் ‘செடாரே’ என்றால் அடங்கச் செய்வது. உட்காருவதைக் குறிக்கும் ‘செடேரே’ என்ற சொல்லின் உறவு அது. உட்கார வைப்பதே அடக்குவதாயிற்று. உபநிடதம் என்ற சொல்லில் உள்ள, உட்காருவதைக் குறிக்கும் ‘சத்’ என்ற வடமொழி வேரும் இதே குடும்பம்தான். தமிழோ யாரிடமும் கேட்காமல் இதே வழியில் நடந்திருக்கிறது. அமர் என்றால் உட்கார். அமர் என்றால் தணி, அடங்கு. ஆளும் அமர்கிறார், விளக்கும் அமர்கிறது. அமர்த்து என்றால் அடங்கச் செய். ஆகவே செடேஷன் அமர்த்தல், செடேட்டிவ் அமர்த்து மருந்து.

மயக்கம் ஏன் கூடாது? பழைய பொருளில் பார்த்தால் அதுவே பொருத்தம் என்பதுதான் வேடிக்கை. மயங்கு என்றால் கல. திணைமயக்கம், அந்தி மயங்கும் நேரம் எல்லாம் அப்படி வந்தவை. பகலுமில்லை, இரவுமில்லை. முன்மருந்து ஏறிய குழந்தையும் அப்படித்தான்: கண் செருகும், கூப்பிட்டால் திறக்கும். ஆனால் இன்றைய காதில் மயக்கம் என்றால் நினைவு தப்புவது. அனஸ்தீஸியாவுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. இனிப் பிடுங்க முடியாது.

அப்புறம், மருந்தை மூக்கில் விடுவதைச் சொல்லும் ‘நேசல்’. இதுவும் நம் காதில் விழுகிற ‘நாசி’யும் ஒரே வேர். சித்த மருத்துவத்தில் மூக்கில் விடும் மருந்துக்கு நசியம் என்ற பெயர் முன்பே இருக்கிறது. ஆனாலும் நான் மூக்குவழி என்றே எழுதுவேன், அம்மாவுக்குப் புரிய வேண்டுமே. மூக்கின் உட்சவ்வில் இரத்த நாளங்கள் நெருக்கம். அங்கே பட்ட மருந்து கல்லீரலைச் சுற்றாமல் நேரே இரத்தத்தில் சேரும். ஊசி குத்த வேண்டாம். இப்படி விடும் அமர்த்து மருந்துகளில் மிடசோலம் அமிலத்தன்மை உள்ளது, மூக்கு எரியும், அதற்கே ஒரு அழுகை. இன்னொன்றான டெக்ஸ்மெடிடோமிடின் எரியாது; கிலோவுக்கு 1 முதல் 2 மைக்ரோகிராம்தான். மில்லிக்கு 100 மைக்ரோகிராம் உள்ள மருந்தில் 12 கிலோ குழந்தைக்குக் கால் மில்லிக்குள் போதும், இரண்டு மூக்கிலும் பாதிப் பாதி. ஆனால் வேலை செய்ய அரை மணி நேரமாவது ஆகும். இதயத் துடிப்பையும் குறைக்கும். மாறுகண் அறுவையில் கண் தசையை இழுத்தாலே துடிப்பு குறையும் என்பதால், மானிட்டரில் ஒரு கண் இருந்தாக வேண்டும்.

‘ஆள் அமர்த்து’ என்றும் சொல்கிறோமே, குழம்பாதா என்று ஒரு நண்பர் கேட்டார். ‘குழந்தையை அமர்த்த மூக்குல மருந்து விடறோம்’ என்று சொன்னால், எந்த அம்மாவும் குழந்தையை வேலைக்கு எடுப்பதாக நினைக்கப் போவதில்லை.