முன்வாசல் கேனபி, போர்ச்: இங்கிலாந்தில் அனுமதி இல்லாமல் எவ்வளவு கட்டலாம்?

இங்கிலாந்தில் சொந்த வீட்டின் முன்கதவுக்கு மேல் கேனபி (மழை மறைக்கும் சிறு கூரை) வைக்கவோ, கதவுக்கு முன்னால் சுவர் வைத்து அடைத்துப் போர்ச் (சின்ன முகப்பு அறை) கட்டவோ பெரும்பாலும் கவுன்சிலிடம் பிளானிங் அனுமதிக்கு விண்ணப்பிக்கத் தேவையில்லை. 2015-ஆம் ஆண்டுப் பொது அனுமதி ஆணையின் 'கிளாஸ் டி' பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. வெளி அளவில் தரைப்பரப்பு 3 சதுர மீட்டரைத் தாண்டக்கூடாது. எந்த இடத்திலும் உயரம் 3 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. பொதுப்பாதையை ஒட்டிய எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் எந்தப் பகுதியும் வரக்கூடாது.

எண்களை எல்லாரும் சரியாகச் சொல்லிவிடுவார்கள். எங்கிருந்து அளப்பது என்பதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

உயரத்தை வாசற்படியிலிருந்து அளக்கக்கூடாது. வீட்டை ஒட்டிய இயற்கைத் தரையிலிருந்து அளக்க வேண்டும். தரை ஏற்ற இறக்கமாக இருந்தால், ஒட்டியுள்ள மிக உயரமான இடமே கணக்கு. மூன்று படி சேர்ந்து 45 செ.மீ., சட்டத்தோடு கதவு 2.1 மீட்டர், மேலே முக்கோணக் கேனபி 60 செ.மீ. என்று வையுங்கள். மொத்தம் 3.15 மீட்டர். கடையில் பார்க்கும்போது சின்னதாகத் தெரிந்த அதே கேனபிக்கு இப்போது அனுமதி தேவை. தட்டையான கேனபி எடுத்தால் தப்பிக்கலாம்.

பரப்பு வெளிச்சுவரிலிருந்து வெளிச்சுவர். செருப்பு அடுக்கத்தான் நம்மவர்கள் அடைத்த போர்ச் கேட்பார்கள். ஆனால் 2 மீட்டருக்கு 1.5 மீட்டர் என்று கட்டி, 30 செ.மீ. தடிப்பில் இரட்டைச் சுவர் எழுப்பினால், நாலாவது பக்கம் வீட்டுச் சுவரே என்றாலும், உள்ளே மிஞ்சுவது 1.4-க்கு 1.2, அதாவது 1.68 சதுர மீட்டர்தான். கதவு உள்பக்கம் திறந்தால் செருப்புத் தட்டுக்கு இடமே இராது. 10 செ.மீ. ஒற்றைச் சுவர் என்றால் 2.52 கிடைக்கும். தூண் இல்லாத கேனபிக்கும் அதன் கீழ் விழும் முழுப் பரப்பைக் கணக்கில் எடுப்பதே பாதுகாப்பு.

பொதுப்பாதை என்றால் கார் ஓடும் சாலை மட்டும் இல்லை, நடைபாதையும் சேர்ந்தது. மூலை வீட்டுக்காரர்கள் பக்கவாட்டு எல்லையையும் அளக்க வேண்டும். கதவைத் திறந்தால் நேரே நடைபாதையில் கால் வைக்கும் பழைய டெரஸ் (வரிசையாக ஒட்டிக் கட்டிய) வீடுகளுக்கு இந்த உரிமை எட்டவே எட்டாது. அங்கே பாதைக்கு மேல் நீட்ட நெடுஞ்சாலை அதிகார அமைப்பின் உரிமமும் வேண்டும். கூரைத் தண்ணீர் நடந்து போகிறவர்கள் மேல் கொட்டவும் கூடாது.

பே விண்டோவையும் (சுவரிலிருந்து வெளியே துருத்தி நிற்கும் ஜன்னல்) கதவையும் சேர்த்து ஒரே நீளக் கூரையாகப் போடுவது இன்னொரு வழக்கமான தவறு. பெரும்பாலும் கவுன்சில் அதைப் போர்ச் என்று எடுக்காமல் முன்பக்க விரிவாக்கம் என்றே பார்க்கும். 'பக்கத்து வீட்டில் போட்டிருக்கிறார்களே' என்பது பதிலாகாது; அவர்கள் அனுமதி வாங்கியிருக்கலாம்.

ஃபிளாட், மேசனெட் (தனி வாசல் உள்ள மாடி ஃபிளாட்) வீடுகளுக்கு கிளாஸ் டி இல்லை. பட்டியலிட்ட கட்டடம் (லிஸ்டட் பில்டிங்) என்றால் தனி ஒப்புதல் கட்டாயம். பாதுகாப்புப் பகுதி (கன்சர்வேஷன் ஏரியா) என்பதால் மட்டும் உரிமை போய்விடாது, ஆனால் இந்த உரிமையை நீக்கும் 'ஆர்ட்டிகிள் 4' உத்தரவு இருந்தால் போகும். புதிய எஸ்டேட்டுகளில் முதல் அனுமதியிலேயே இந்த உரிமையை நீக்கியிருப்பதுண்டு. அந்த அனுமதிக் கடிதத்தின் நிபந்தனைகளைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள். லீஸ்ஹோல்ட் (நீண்ட குத்தகை) வீடு என்றால் நில உரிமையாளரான ஃப்ரீஹோல்டரையும் கேட்க வேண்டும்.

இந்த அளவுகளுக்குள் கட்டினாலும், கட்டியது சட்டப்படி சரி என்று கவுன்சில் தரும் சட்டபூர்வச் சான்றிதழ் வாங்கி வைப்பது நல்லது. விற்கும்போது வாங்குபவரின் சொலிசிட்டர் கேட்பார். கட்டுமுன் வாங்கினால் பிளானிங் கட்டணத்தில் பாதிதான். 2024 ஏப்ரல் 25 அன்றோ அதற்குப் பிறகோ விதி மீறிக் கட்டி முடித்தவற்றின் மேல் கவுன்சில் 10 ஆண்டுவரை நடவடிக்கை எடுக்கலாம். முன்பிருந்த 4 ஆண்டுக் கணக்கு இவற்றுக்கு உதவாது.

கட்டட விதிகள் (பில்டிங் ரெகுலேஷன்ஸ்) வேறு. தரைமட்டத்தில் 30 சதுர மீட்டருக்குள் உள்ள போர்ச்சுக்கு விலக்கு உண்டு. ஆனால் வீட்டின் பழைய முன்கதவு அப்படியே இருக்க வேண்டும். இடம் கூடட்டும் என்று அதைக் கழற்றினால் விலக்கு போய்விடும். சக்கர நாற்காலி வரும் வழியும் முன்பைவிட மோசமாகக்கூடாது. கண்ணாடியும் மின்வேலையும் விதிப்படியே.

பொருத்தும்போது மழைநீர் இறங்குவது சுவரும் கூரையும் சேரும் இடத்தில்தான். சிலிக்கான் தடவினால் ஓரிரு குளிர்காலத்தில் பிளந்துவிடும், கல் பதித்த பூச்சுச் சுவரில் இன்னும் சீக்கிரம். 'கோட் 4' தடிப்புள்ள ஈயத் தகட்டைக் கூரைக்கு மேல் 150 மி.மீ. ஏற்றி, செங்கல் இணைப்பில் 25 மி.மீ. ஆழம் வெட்டிச் செருகச் சொல்லுங்கள். துளையுள்ள செங்கலில் சாதாரண பிளக் பிடிக்காது. சல்லடைக் குழாயோடு ரெசின் ஆங்கர் (பசை ஊற்றிப் பிடிக்க வைக்கும் போல்ட்) வேண்டும். பாய்லர் புகைக்குழாய் வாசல் பக்கம் இருந்தால் கேஸ் சேஃப் பதிவுள்ள கேஸ் வேலைக்காரரைக் கூப்பிட்டு இடைவெளியைப் பார்க்கச் சொல்லிவிட்டே கேனபியை ஆர்டர் செய்யுங்கள்.