பெயர் தெரியாத மரத்தை லேத்தில் ஏற்றும் முன்

மா, வேம்பு, தேக்கு, வேங்கை. கிருஷ்ணகிரியில் கடைசல் பட்டறை வைத்திருக்கும் எனக்கு இருபது வருடமாகக் கை பழகியவை இவைதான். பர்கூர் பக்கத்திலிருந்து ஒருவர் அடிமரத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, "அண்ணா, பஞ்சு மாதிரி இருக்கு, ஒரு தட்டு கடைஞ்சு குடுங்க" என்றபோது, இதெல்லாம் ஒரு வேலையா என்றுதான் நினைத்தேன். என்ன மரம் என்று அவருக்கும் தெரியவில்லை. மாட்டுக்கொட்டகையில் இரண்டு வருடம் காய்ந்ததாம்.

பத்து அங்குல வட்டம். மாமரத்துக்குப் போடுகிற மாதிரியே நாலு திருகாணி போட்டு லேத்தின் இரும்புத் தட்டில் பிடித்து, நிமிடத்துக்கு 1000 சுற்றில் ஓட்டினேன். உளி ஒரே ஒரு முறை கடித்தது. துண்டு திருகாணியைப் பிய்த்துக்கொண்டு என் காதோரமாகப் போய் ஷீட்டில் மோதியது. அந்தச் சுற்றில் அதன் விளிம்பு வேகம் மணிக்கு ஏறக்குறைய 48 கி.மீ. முகக்கவசம் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

விட்டத்தை அங்குலத்தில் எடுத்துச் சுற்றால் பெருக்கினால் 6000 முதல் 9000க்குள் வர வேண்டும் என்று கடைசலில் ஒரு கணக்கு உண்டு. பத்து அங்குலத்துக்கு 900 சுற்றே உச்சம். இன்னும் வட்டம் சீராகாத துண்டுக்கு அதிலும் பாதிதான். எடை இல்லையே என்று நான்தான் அலட்சியமாக இருந்துவிட்டேன்.

அப்புறம் சிதறிய சில்லு ஒன்றைச் சதுரமாக அறுத்து வாளித் தண்ணீரில் போட்டேன். மூன்றில் ஒரு பங்குதான் மூழ்கியது. காய்ந்த தேக்கு மூன்றில் இரண்டு பங்கு மூழ்கும். எந்த மரமானாலும் நார்ச்சுவரின் அடர்த்தி ஒன்றுதான், கன செ.மீ.க்குச் சுமார் 1.5 கிராம். லேசான மரம் என்றால் உள்ளே காற்று அதிகம், திருகாணி பிடிக்கச் சதை குறைவு. அதிலும் நான் அடிமரத்தைக் குறுக்கே அறுத்த முகத்தில் திருகியிருந்தேன். திருகாணியும் நாரும் ஒரே திசையில் ஓடும் இடத்தில் மரை நிற்காது.

இரண்டாவது முறை அந்தத் துண்டில் வேங்கைக் கட்டை ஒன்றைப் பசை போட்டு ஒட்டி, ஒரு ராத்திரி விட்டு, திருகாணியை அந்தக் கட்டையில் போட்டேன். மறுபக்கத்திலிருந்து தாங்கிப் பிடிக்கும் எதிர்முனையும் கொடுத்தேன். லேசான மரத்தில் அந்த முனை அமுங்கி அமுங்கித் தளரும். ஓட்டிய ஒரு நிமிடத்தில் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். மொண்ணை உளி இந்த நாரை வெட்டாது, மடக்கிப் பிய்க்கும். சுரண்டும் உளியை எடுக்கவே கூடாது. நான் குழி உளியை நாலைந்து தடவை தீட்டினேன். கடைசிச் சீவலுக்கு முன் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை இரண்டு தடவை தடவிக் காயவிட்டதும் நார் விறைத்துக்கொண்டு சுத்தமாக வெட்டுப்பட்டது. உப்புத்தாளை அழுத்தினால் மென்மையான இடம் மட்டும் குழியும்.

மரத்தின் பாலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாம்பால் பட்டுத் தோல் வெந்தவர்கள் நம் ஊரில் நிறைய. சேங்கொட்டையும் மாமரக் குடும்பம்தான், அதன் பால் கொப்புளமே போடும். கள்ளிப்பால் கண்ணில் பட்டால் ஆஸ்பத்திரிதான். பாலுள்ள மரமெல்லாம் ஆகாது என்றில்லை. சென்னபட்டணப் பொம்மைகள் வெட்பாலையில்தான் கடைகிறார்கள். பெயர் தெரியாமல் பச்சை மரத்தைச் சுழலவிட்டுத் தெறிக்க வைப்பதுதான் வம்பு.

தூளும் அப்படித்தான். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995லேயே வெளியிட்டுவிட்டது. மூக்குக்குத் துண்டு கட்டினால் நுண்தூள் நிற்காது, என்95 முகமூடி வேண்டும். தொங்கும் துண்டு, கையுறை எதுவும் லேத் பக்கமே வரக்கூடாது.

தட்டை வாங்க வந்தவர் தன் அம்மாவுக்குப் போன் போட்டார். "வேலியோரம் நின்ன கல்யாண முருங்கைடா அது" என்றார் அந்த அம்மா. அந்த ஒரு போனை முதல் நாளே போடச் சொல்லியிருக்கலாம். ஈரத்தை உறிஞ்சும், பழம் வைக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். இப்போது அதில் வண்டிச் சாவி கிடக்கிறதாம்.