ஐ.டி.பி: ‘எதிர்ப்பு சக்தி குறைவு’ என்று எழுதாதீர்கள்

செப்டம்பர் பிறந்தால் ஊதா நிற அட்டைகள் வலம்வரத் தொடங்கிவிடும். ஐ.டி.பி. என்னும் இரத்த நோய்க்கான விழிப்புணர்வு மாதம் அது. நல்ல காரியம்தான். ஆனால் தமிழ் அட்டைகளில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் விளக்கம் இப்படி இருக்கிறது: “நோய் எதிர்ப்பு சக்தி குறைவதால் இரத்தத் தட்டணுக்கள் குறையும் நோய்.” இதைப் படிக்காதவர் தப்பித்தார். படித்தவர் நோயைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருப்பார்.

முதலில் பெயரைப் பார்த்துவிடலாம். ஐ.டி.பி.யின் இன்றைய முழுப் பெயர் இம்யூன் த்ராம்போசைட்டோபீனியா. ‘இம்யூன்’ எதிர்ப்பாற்றல் தொடர்பானது; அடுத்ததில் ‘த்ராம்போஸ்’ கிரேக்கத்தில் உறைகட்டி, ‘கைட்டோஸ்’ கலம், ‘பெனியா’ வறுமை. இரத்தம் உறைவதற்கு உதவும் அணுக்களுக்கு, அதாவது தட்டணுக்களுக்கு (பிளேட்லெட்) வந்த வறுமை என்று பொருள். பழைய பெயரின் கடைசியில் ‘பர்ப்யூரா’ என்று ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. கடல் சங்கிலிருந்து எடுத்த ஊதாச் சாயத்துக்கு லத்தீனில் வழங்கிய சொல் அது. தோலில் தெரியும் ஊதாத் திட்டுகளால் வந்தது, அட்டைகளின் நிறமும் அதனால்தான். முதல் எழுத்து ஒரு காலத்தில் ‘இடியோபதிக்’, அதாவது ‘காரணம் தெரியாத’. 2009இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று ‘காரணம் தெரியாத’ என்பதையும் ‘பர்ப்யூரா’வையும் நீக்கியது. திட்டே இல்லாமலும் இந்த நோய் இருக்கலாம். காரணமும் ஓரளவு தெரிந்துவிட்டது. ஐ.டி.பி. என்ற சுருக்கம் மட்டும் பழகிப்போனதால் நிலைத்துவிட்டது.

காரணம் தெரிந்த கதையைச் சொன்னால்தான் என் எரிச்சல் புரியும். 1950இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வில்லியம் ஹாரிங்டன் என்ற மருத்துவர், இந்த நோய் உள்ள ஒருவரின் இரத்தத்தைத் தன் உடலில் ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்திலேயே அவருடைய தட்டணுக்கள் சரிந்துவிட்டன. தோலில் புள்ளிகள் வந்தன. பின்னர் சில நாட்களில் தேறினார். ஹாரிங்டனுக்கு எதிர்ப்பு சக்தியில் ஒரு குறையும் இல்லை. நோயாளியின் இரத்தத்தில் இருந்த ஏதோ ஒன்றுதான் அவருடைய தட்டணுக்களை அழித்தது. அது எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) என்பது பிற்பாடு உறுதியானது. கிருமியின் மேல் ஒட்ட வேண்டிய எதிர்ப்பொருள் சொந்தத் தட்டணுவின் மேல் ஒட்டிக்கொள்கிறது, மண்ணீரல் அந்தத் தட்டணுவைப் பிடித்து அழித்துவிடுகிறது. சாதாரணமாக ஏழு முதல் பத்து நாள் வாழ வேண்டியது அற்பாயுளில் போய்விடுகிறது. (எதிர்ப்பொருளுக்குப் ‘பிறபொருளெதிரி’ என்றும் ஒரு சொல் உண்டு. தன்பொருளைத் தாக்கும் பிறபொருளெதிரி என்று இங்கே எழுத நேர்ந்தால் என்ன செய்வார்களோ!)

ஆகவே இது குறைவல்ல, தவறான திசையில் போன மிகை. சொல் பிசகினால் என்ன பெரிய கேடு என்று கேட்கலாம். நோயாளிக்கு முதலில் கொடுக்கும் மருந்து பெரும்பாலும் ப்ரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு. எதிர்ப்பாற்றலை அடக்குவது அதன் வேலை. அட்டையில் ‘எதிர்ப்பு சக்தி குறைவு’ என்று படித்தவர், ஏற்கெனவே குறைந்ததை இன்னும் குறைக்கும் மருந்தை எதற்குக் கொடுக்கிறார்கள் என்று மிரண்டு அதை நிறுத்தினால் குற்றம் யாருடையது? கூடவே ‘எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்’ பொடியும் மாத்திரையும் பரிந்துரைக்க ஊரே திரண்டு வரும்.

சரி, இத்தகைய நோயை ஆங்கிலத்தில் ‘ஆட்டோஇம்யூன்’ நோய் என்பார்கள். குறைவு என்று சொல்லாதவர்கள் அதைத் தமிழில் என்ன சொல்கிறார்கள்? ‘சுய நோயெதிர்ப்பு நோய்.’ எனக்கு இதுதான் இன்னும் எரிச்சல். ‘சுய’ வடமொழி என்பதற்காகச் சொல்லவில்லை, அது போகட்டும். சுயமரியாதை, சுயதொழில், சுயஉதவி என்று தமிழில் ‘சுய’ சேர்ந்தால் பெருமையாகத்தான் ஒலிக்கிறது. சுய நோயெதிர்ப்பு என்றால் யார் தயவும் இல்லாமல் தானே நோயை எதிர்க்கிற திறமை என்றுதானே காதில் விழும்? அப்புறம் அதன் வாலில் ‘நோய்’ என்று இன்னொன்று. நோயை எதிர்ப்பது எப்படி நோயாகும் என்று வாசகர் விழிப்பார். இதற்கும் ஒரு படி மேலே போய்த் ‘தன்னியக்க நோயெதிர்ப்பு’ என்பவர்கள் உண்டு. ‘ஆட்டோ’வைக் கண்டால் இயந்திரம் என்று நினைப்பவர்களின் கைவண்ணம். கிரேக்கத்தில் அது வெறும் ‘தான்’தான் ஐயா.

‘தன்னுடல் தாக்கு நோய்’ இருப்பதில் நல்லது. எந்த நோய்தான் உடலைத் தாக்கவில்லை என்று ஒருவர் மடக்கலாம். ‘தன்’ தற்சுட்டு என்பதே அதற்குப் பதில். தற்கொலையில் கொல்பவரும் கொல்லப்படுபவரும் ஒருவரே. அதுபோல இங்கே தாக்குவதும் தாக்கப்படுவதும் ஒரே உடல். இலக்கணப்படி புணர்த்தித் ‘தற்றாக்கு’ என்று எழுதலாமே என்று தூய்மைவாதிகள் ஆசைப்படக்கூடும். தயவுசெய்து வேண்டாம். நோயாளிக்கு அகராதி தேடும் நேரம் இல்லை.

தட்டணுவிலும் சிலருக்குச் சங்கடம். அது முழு அணுவே அல்ல, எலும்பு மச்சையில் இருக்கும் பெரிய உயிரணு உடைந்து வரும் துணுக்கு. ஆகவே ‘சிறுதட்டு’ என்பார்கள். அறிவியலில் அவர்கள் பக்கம் நியாயம் உண்டு. ஆனால் சிவப்பணு, வெள்ளையணு என்ற வரிசையில் தட்டணு சட்டென்று விளங்குகிறது, பரிசோதனைத் தாளைப் பார்த்துப் பேசுகிறவர்கள் வாயிலும் வருகிறது. சிறுதட்டு என்றால் சமையலறைதான் நினைவுக்கு வரும். ‘தட்டணுக் குறைபாடு’ என்று மட்டும் வேண்டாம். வைட்டமின் குறைபாடு போல எதையோ சாப்பிட்டு நிரப்பலாம் என்று தோன்றவைக்கும். இங்கே எண்ணிக்கைதான் விஷயம்: மைக்ரோலிட்டருக்கு 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இருக்க வேண்டியது 1 லட்சத்துக்குக் கீழே போய்விடுகிறது. ‘குறைவு’ போதும்.

சேர்த்தால் ‘தன்னுடல்தாக்குத் தட்டணுக் குறைவு’. நீளம்தான், மூலப் பெயர் மட்டும் என்ன குட்டையா? அட்டை எழுதுகிறவர்கள் இப்படி எழுதலாம்: “உடலின் எதிர்ப்பாற்றல் சொந்தத் தட்டணுக்களையே அழிக்கும் நோய். அடிபடாமலே தோல் கன்றிப்போவது, கணுக்காலில் குண்டூசித் தலை அளவுச் செம்புள்ளிகள், அழுத்தினாலும் அவை மறையாமல் இருப்பது, ஈறில் இரத்தம், மாதவிடாயில் அதிகப் போக்கு ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் காட்டி இரத்த அணு எண்ணிக்கை பாருங்கள்.” பக்கத்தில் ஐ.டி.பி. என்ற மூன்றெழுத்தையும் அப்படியே போட்டுவிடுங்கள். மருத்துவர் சீட்டில் எழுதித் தருவது அதைத்தான்.