மாண்டரின் மீன் – சொல் விளக்கம்

மாண்டரின் என்றால் பலருக்கு ஆரஞ்சுப் பழமோ சீன மொழியோதான் நினைவுக்கு வரும். சீனப் பேரரசின் உயர் அதிகாரிகளை ஐரோப்பியர் அழைத்த பெயர் அது. அவர்களின் பட்டு அங்கியில் இருந்த பகட்டான வண்ணக்கோலம் இந்த மீனின் உடம்பிலும் தெரிந்ததால் பெயர் இதற்கும் வந்தது.

வேடிக்கை என்னவென்றால், மாண்டரின் சீனச் சொல்லே அல்ல. சமஸ்கிருத 'மந்த்ரின்' மலாயில் 'மெந்தெரி' ஆனது. அதைப் போர்த்துக்கீசியர் 'மந்தரிம்' ஆக்கினார்கள். கட்டளையிடுவதைக் குறிக்கும் அவர்களுடைய 'மந்தார்' என்ற வினையின் சாயலும் அதில் ஏறிக்கொண்டது. அப்புறம்தான் ஆங்கில மாண்டரின். நாம் அன்றாடம் சொல்கிற மந்திரிதான் இத்தனை துறைமுகம் சுற்றி வந்திருக்கிறார்.

அறிவியல் பெயர் சின்கைரோபஸ் ஸ்பிலென்டிடஸ். பிலிப்பைன்ஸ் கடலில் கிடைத்த மீனை வைத்து மீனியல் அறிஞர் ஆல்பர்ட் ஹெர் 1927இல் இதை விவரித்தார். ஜப்பானின் ரியூக்யூ தீவுகள் முதல் ஆஸ்திரேலியா வரை பவளத்திட்டுகளில் வாழ்கிறது. நீளம் ஏழெட்டு சென்டிமீட்டர்தான். செதில் கிடையாது. நாற்றமடிக்கும் கெட்டியான சளிதான் போர்வை. விலங்குகளில் நீலம் பெரும்பாலும் ஒளிச்சிதறலால் தோன்றுவது. இதன் தோலிலோ உண்மையான நீல நிறமியே இருக்கிறது. பகலில் பவள இடுக்குகளில் ஒளிந்து, வயிற்றுத் துடுப்புகளை ஊன்றி நகர்ந்து, பொடி ஓட்டுயிரிகளைக் கொத்தித் தின்னும். அந்தி சாயும்போது ஆணும் பெண்ணும் உடம்போடு உடம்பு ஒட்டி மேலெழும்பி முட்டையும் விந்தும் விட்டுவிட்டுச் சட்டென்று கீழே பாயும்.

இது சேர்ந்த டிராகனெட் குடும்பத்தின் பெயருக்கு 'குட்டி டிராகன்' என்று பொருள். யாளி என்று தமிழாக்கினால் சிங்க முகம் வந்து நிற்கும். டிராகனெட் என்றே விட்டுவிடலாம். மாண்டரினுக்கு அந்தச் சங்கடமில்லை. 'அமைச்சர் மீன்' என்று தூய தமிழில் எழுதலாம்தான், ஆனால் மீன்வளத்துறை அமைச்சர் குறுக்கே வந்துவிடுவார். மந்திரி மீன் என்பதே சரி. வேரும் ஒன்று, பொருளும் ஒன்று.

சீனச் சமையல் குறிப்புகளில் வரும் மாண்டரின் மீன் வேறு. அது குயியூ என்ற ஆற்று மீன். சுஜோ நகரத்தில் கீறிப் பொரித்து இனிப்பும் புளிப்புமான சாறு ஊற்றித் தருவார்கள். அதை மந்திரி மீன் என்று எழுதிவிட வேண்டாம்.